சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: திருகோணமலையிடமும் கொழும்பிடமும் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

2018 பெப்ரவரிக்குப் பிறகு 2025 மே 6 இல்தான் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. 2023 மார்ச்சோடு பழைய சபைகளின் காலம் முடிந்துவிட்டதால் இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர்களே இல்லாமல் அதிகாரிகள்தான் நிர்வாகத்தைக் கொண்டுபோனார்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, இரண்டு நகர சபை, ஒன்பது பிரதேச சபை என்று மொத்தம் 12 சபைகள் இருக்கின்றன. இவற்றில் முதல் தடவையாக உறுப்பினராக உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கோ, அந்த உறுப்பினரிடம் போய்க் கேட்கவேண்டிய கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளருக்கோ, மாதர் சங்கத் தலைவிக்கோ இதை எழுதுகிறேன். திருகோணமலை என்று நான் சொல்வது அங்கே இருக்கும் கிழக்கு மாகாண நிர்வாகத்தை, கொழும்பு என்பது மத்திய அரசை.

நான் ஒரு சபை அலுவலகத்தில் கடிதம் எழுதும் மேசையில் பல வருடம் இருந்தவன். அங்கே திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு விசயம், நியாயமான கோரிக்கைகள்தான் அதிகம் வீணாகின்றன. கோரிக்கையில் பிழை இருக்காது, போன இடம்தான் பிழை. மாகாணம் செய்யவேண்டியதை அமைச்சரிடம் கேட்பார்கள், சட்டம் மாறினால் மட்டும் தீரக்கூடியதற்குப் பணம் கேட்பார்கள், ஜூனில் கேட்கவேண்டியதை டிசம்பரில் வெள்ளத்துக்குள் நின்று கேட்பார்கள். அமெரிக்காவில் சியாட்டில் மாதிரி நகரங்கள், மாநிலச் சட்டமன்றம் கூடுவதற்கு முன்னால், “இந்த வருடம் எங்களுக்கு இன்னின்ன சட்டம் வேண்டும், இன்னின்னதுக்குப் பணம் வேண்டும்” என்று ஒரு பட்டியலைச் சபையிலேயே நிறைவேற்றி வைத்துக்கொள்கின்றன. அவர்களின் அமைப்பு வேறு, நம்முடையது வேறு. ஆனால் அப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கும் பழக்கம் நமக்கும் வேண்டும், அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

முதலில் அது யாருடையது என்று பாருங்கள்

எங்கள் பக்கத்தில் ஒரு ஒழுங்கை. மாரி தொடங்கினால் முழங்கால் தண்ணீர். வயதான ஒரு அம்மா ஒவ்வொரு வருடமும் சபைக்கு வந்து நிற்பார், “தம்பி, வடிகான் கட்டித் தந்து ரெண்டு மாரி போயிட்டுது, தண்ணி போகல்ல” என்று. சபை வடிகான் கட்டியது உண்மை. ஒருநாள் நானும் எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் மழைக்குள்ளேயே அளவு நாடாவோடு போனோம். ஒழுங்கை வடிகான் இரண்டு அடி அகலம், நன்றாகத்தான் இருந்தது. அது பிரதான வீதியில் போய் முட்டும் இடத்தில், வீதிக்குக் கீழே போட்டிருந்த குழாய் ஒரு அடிதான், அதிலும் பாதி மண். அந்தப் பக்கம் ஏறிப் பார்த்தால் வாவிக்குப் போகும் கால்வாய் முழுக்க ஆற்றுவாழை என்ற மிதக்கும் களை மூடிக் கிடந்தது. ஒரே தண்ணீர், மூன்று சொந்தக்காரர். ஒழுங்கை வடிகான் எங்களுடையது. வீதிக்குக் கீழே உள்ள மதகு வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. கால்வாய்க்கு இன்னொரு திணைக்களம். நாங்கள் அதுவரை எழுதிய கடிதம் எல்லாம் “வடிகான் அமைக்க நிதி ஒதுக்கித் தருமாறு” என்றுதான் போயிருந்தது. அந்தப் பணம் வந்திருந்தாலும் அந்த அம்மாவின் வாசலில் தண்ணீர் நின்றிருக்கும்.

அதனால் கோரிக்கை எழுதுவதற்கு முன் இடத்துக்குப் போங்கள், முடிந்தால் மழைக்குள்ளே போங்கள். பிறகு இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீதிகளில் ஏ, பி தரம் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, உள்ளே உள்ள ஒழுங்கைகள் பெரும்பாலும் சபைக்கு. குழாய்த் தண்ணீர் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் வேலை, உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவருவதும் அவர்கள்தான். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இருக்கிறது. பாடசாலை என்றால் தேசிய பாடசாலையா மாகாணப் பாடசாலையா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதவேண்டும். சந்தை, மயானம், வாசிகசாலை, குப்பை, ஒழுங்கை வடிகான், இவை சபையின் வேலை. வாவியும் கடற்கரையும்தான் சிக்கலானவை. கரையோரம் பேணல், சுற்றாடல், கடற்றொழில், நீர்ப்பாசனம் என்று பலருடைய கை அதில் இருக்கிறது. வெள்ள நேரத்தில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டுவதா இல்லையா என்பதைக்கூட ஒரு சபை தனியே முடிவெடுக்க முடியாது, விவசாயிக்கு ஒரு நியாயம், மீனவருக்கு ஒரு நியாயம் இருக்கும், எல்லோரும் மாவட்டச் செயலகத்தில் உட்கார்ந்துதான் பேசவேண்டும்.

ஒரு வேலையில் இரண்டு மூன்று சொந்தக்காரர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதம். மூன்று பேருக்கும் ஒரே கடிதத்தைப் பிரதியிட்டு அனுப்பினால் மூன்று பேரும் மற்ற இருவரையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சட்டம் கேட்கிறீர்களா, பணம் கேட்கிறீர்களா

இதைப் பிரிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கட்டாக்காலி மாட்டை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நம்முடைய எல்லாச் சபைகளிலும் வரும் பேச்சு அது. இரவில் கறுப்பு மாடு தார் வீதியில் படுத்திருக்கும், மோட்டார் சைக்கிளில் வருபவருக்குக் கடைசி நிமிடம் வரை தெரியாது. சபையில் ஒருவர் எழும்பி “மாட்டைப் பிடிக்க வாகனம் வேண்டும்” என்பார். வாகனம் பணக் கோரிக்கை. சரி, வாகனம் வந்துவிட்டது, மாட்டையும் பிடித்தாயிற்று. பிடித்த மாட்டை எங்கே கட்டுவது, யார் தீன் போடுவது, சொந்தக்காரரிடம் எவ்வளவு அறவிடுவது, அவர் வராவிட்டால் மாட்டை என்ன செய்வது? இதற்கெல்லாம் உபவிதி வேண்டும். உபவிதியைச் சபையே ஆக்கலாம், ஆனால் அது அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வந்தால்தான் நீதிமன்றத்தில் நிற்கும். அதற்கும் மேலே, உபவிதியில் எவ்வளவு தண்டப்பணம் போடலாம் என்பதற்குத் தாய்ச் சட்டத்திலேயே உச்சவரம்பு இருக்கிறது, சபை நினைத்த தொகையைப் போட முடியாது. அந்த வரம்பு பழையதாகிப் போய்விட்டது என்றால் அது சட்டத் திருத்தக் கோரிக்கை, அது பாராளுமன்றத்துக்குப் போகவேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. மாடு வளர்ப்பவருக்கு மேய்ச்சல்தரை இருந்தால் அவர் ஏன் வீதியோரம் விடப்போகிறார்? மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 இல் இருந்து சித்தாண்டியில் உட்கார்ந்து போராடியது எல்லோருக்கும் தெரியும். அந்த நிலம் மகாவலி அதிகார சபையின் எல்லைக்குள் வருவது, அதாவது மத்திய அரசு. ஆக ஒரு மாட்டுக்குள்ளேயே நாலு கோரிக்கை இருக்கிறது. வாகனம் ஒன்று, உபவிதி ஒன்று, சட்டத் திருத்தம் ஒன்று, காணி ஒன்று. நாலும் நாலு இடம்.

கல்லடியில் இருந்து கல்முனை வீதியால் தெற்கே போய்ப் பாருங்கள். கல்லடி வருவது மட்டக்களப்பு மாநகர சபைக்குள், அதற்கு 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம். கொஞ்சத் தூரத்தில் காத்தான்குடி நகர சபை, அதற்கு 1939 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதைத் தாண்டினால் ஆரையம்பதி, மண்முனைப் பற்றுப் பிரதேச சபை, 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம். ஒரே வீதியில் ஒரு காலைப்பொழுதில் நடந்துபோகும் மாடு மூன்று சட்டங்களைக் கடந்துவிடுகிறது. அதனால் சட்டத் திருத்தம் கேட்கும்போது “உள்ளூராட்சிச் சட்டத்தைத் திருத்துங்கள்” என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, இப்போது அதில் என்ன இருக்கிறது, அதற்குப் பதிலாக என்ன வேண்டும், இந்த நாலையும் எழுதுங்கள். உங்கள் சபையின் சட்டப் புத்தகம் செயலாளரின் அலுமாரியில் இருக்கும். கேட்டு வாங்கிப் படியுங்கள், வெட்கப்படவேண்டாம், பத்து வருடம் உறுப்பினராக இருந்தவர்களில்கூட அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு.

உபவிதி விசயத்தில் ஒரு குறுக்கு வழி உண்டு. 1952 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டத்தின்படி மாதிரி உபவிதிகள் என்று ஏற்கெனவே ஆக்கப்பட்டவை இருக்கின்றன. பொருத்தமானது இருந்தால் சபை அதைத் தீர்மானத்தின் மூலம் ஏற்றுக்கொள்ளலாம், சொந்தமாக முதலில் இருந்து எழுதுவதைவிட இது லேசு. உள்ளூராட்சி உதவி ஆணையாளர் அலுவலகத்தில் கேட்டால் எவை எவை என்று காட்டுவார்கள்.

மாகாண சபை இல்லாத மாகாணத்தில்

அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தில் உள்ளூராட்சி மாகாண சபை நிரலில் இருக்கிறது. சபைகளின் அமைப்பையும் கட்டமைப்பையும் மட்டும் மத்திய அரசின் சட்டமே தீர்மானிக்கும், மற்றப்படி மேற்பார்வை மாகாணத்தினுடையது. அதிலே ஒரு நல்ல வரி உண்டு, மாகாண சபை உள்ளூராட்சி சபைகளுக்கு மேலதிக அதிகாரம் கொடுக்கலாம், இருப்பதைப் பறிக்க முடியாது என்று. புதிதாக வந்தவர்கள் இதைத் தெரிந்து வைத்திருங்கள், கூட்டத்தில் கைகொடுக்கும்.

ஆனால் கிழக்கு மாகாண சபைக்கு 2008 இலும் 2012 இலும்தான் தேர்தல் நடந்தது. 2017 செப்டெம்பரோடு அதன் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு ஆளுநரின் கீழேயே மாகாண நிர்வாகம் ஓடுகிறது. நமக்கு இதன் நடைமுறைப் பொருள் என்னவென்றால், நியதிச் சட்டம், அதாவது மாகாணத்துக்கான சட்டம், இயற்றும் அவை திருகோணமலையில் இல்லை. மாகாண உறுப்பினர் இல்லை, மாகாண அமைச்சர் இல்லை. முன்பு அவர்கள் வழியாகப் போன பேச்சு இப்போது ஆளுநரிடமும் பிரதம செயலாளரிடமும் உள்ளூராட்சி ஆணையாளரிடமும் போகவேண்டும். இவர்கள் அதிகாரிகள், மேடைப் பேச்சு இங்கே வேலை செய்யாது, கோப்பு வேலை செய்யும். மாகாண சபைத் தேர்தலை நடத்தக் கோரும் தீர்மானத்தை ஒவ்வொரு சபையும் தன் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அது கட்சிப் பேச்சு இல்லை. நமக்குச் சட்டம் ஆக்கித் தரவேண்டிய மிக அருகிலுள்ள அவை பூட்டிக் கிடக்கிறது, அதைத் திறக்கச் சொல்வது சபையின் வேலைக்குள் வருவதுதான்.

பணம் எந்த வழியால் வருகிறது

சபையின் சொந்தப் பணம் சோலைவரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை, வாடகை இவைதான். அதோடு காணி கைமாறும்போது கட்டும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணத்தின் ஊடாகச் சபைக்கு வரவேண்டும். “வரவேண்டும்” என்ற சொல்லைக் கவனியுங்கள். இது யாரும் தரும் உதவி இல்லை, நம்முடைய பணம். புதிதாக ஒன்றைக் கேட்பதற்கு முன் இதில் எவ்வளவு நிலுவை இருக்கிறது, எந்த வருடத்தில் இருந்து இருக்கிறது என்று கணக்காளரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலின் முதல் வரியாக அதைப் போடலாம். யாரும் மறுக்க முடியாத கோரிக்கை அது.

மாகாணத்துக்குப் பணம் வருவது நிதி ஆணைக்குழுவின் சிபாரிசில். ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு, மத்திய வங்கி ஆளுநரும் திறைசேரிச் செயலாளரும் அதில் இருப்பார்கள். சம்பளம் போன்ற அன்றாடச் செலவுக்குத் தொகுதிக் கொடை, வீதி, கட்டடம் போன்ற மூலதன வேலைக்கு மாகாணத்துக்கென்று குறித்தொதுக்கும் அபிவிருத்திக் கொடை. நீங்கள் கேட்கும் ஒழுங்கை, சந்தைக் கட்டடம் எல்லாம் இந்த இரண்டாவதில்தான் நுழையவேண்டும். நுழைவதற்கு மாகாணத் திட்டமிடல் பிரிவு அந்த வருடம் தயாரிக்கும் பட்டியலில் உங்கள் வேலை ஒரு வரியாக இருக்கவேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் ஆளுநரே விரும்பினாலும் கஷ்டம்.

இதற்கு வெளியே இருப்பவை: பாராளுமன்ற உறுப்பினர்களின் சிபாரிசில் போகும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, சிறிய வேலைகளுக்கு நல்லது. மத்திய அமைச்சுகளின் நேரடித் திட்டங்கள், இவை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் பேசப்படும். உள்ளூர்க் கடன் மற்றும் அபிவிருத்தி நிதியம், பெயரிலேயே இருக்கிறது, கடன், திருப்பிக் கட்டவேண்டும், ஆகவே வருமானம் தரும் வேலைக்கு மட்டும் அங்கே போங்கள், சந்தைத் தொகுதி, வாகனத் தரிப்பிடம் மாதிரி. பிறகு வெளிநாட்டு உதவித் திட்டங்கள். அவர்கள் கட்டித் தருவார்கள், நடத்தித் தரமாட்டார்கள். கொடுவாமடுக் குப்பை நிலம் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு கட்டப்பட்டது. அங்கே குப்பையைக் கொண்டுபோகும் லொறிக்கு டீசல் அடிப்பது எப்போதும் சபைகளின் பொறுப்புத்தான்.

பட்டியலைச் சுருக்குவது

இதுதான் மனதுக்குக் கஷ்டமான வேலை. ஒவ்வோர் உறுப்பினரும் தன் வட்டாரத்தில் வாக்குக் கேட்டு வந்தவர், “என் வட்டாரத்தில் ஒன்றும் இல்லையா” என்று அவர் கேட்பதில் பிழை இல்லை. ஆனால் நாற்பது விசயம் எழுதிய பட்டியலை மேலே யாரும் படிப்பதில்லை, அல்லது தங்களுக்குப் பிடித்த இரண்டை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்கள். அப்போது முன்னுரிமையைத் தீர்மானித்தது நாம் இல்லை, அவர்கள்.

நான் சொல்வது, சட்டத்துக்கு இரண்டு, பணத்துக்கு ஐந்து. அதற்கு மேல் வேண்டாம். தெரிவு செய்யும்போது எல்லோரும் கேட்கவேண்டிய கேள்வி, இது செய்யாவிட்டால் அடுத்த மாரியில் யாருக்கு என்ன நடக்கும் என்பது. தண்ணீர் நிற்கும் இடத்தில் பிள்ளைகள் பாடசாலை போக முடியாமல் எத்தனை நாள் நின்றார்கள், கர்ப்பிணித் தாய்மாரை எப்படித் தூக்கிக்கொண்டு போனார்கள், எத்தனை குடும்பம் கோயில் மண்டபத்திலோ பாடசாலையிலோ படுத்தது, இந்தக் கணக்குக் கிராம சேவகரிடம் இருக்கும். 2024 நவம்பர் வெள்ளத்துக்கும் 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலுக்கும் பிரதேச செயலகத்தில் பதிவுகள் இருக்கின்றன. அந்தக் கணக்கை மேசையில் வைத்தால் வட்டாரச் சண்டை தானாகக் குறையும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 25 வீத ஒதுக்கீட்டின் வழியாகச் சபைக்கு வந்திருக்கும் பெண் உறுப்பினர்களை இந்த இடத்தில் பேசவிடுங்கள். தண்ணீர் வீட்டுக்குள் வரும்போது அடுப்பை எங்கே தூக்கி வைப்பது என்று தெரிந்தவர்கள் அவர்கள்.

பட்டியலில் வராத வேலைகளைத் தூக்கி எறியாமல் இன்னொரு பதிவேட்டில் எழுதி வையுங்கள். ஏதாவது அமைச்சில் திடீரென்று மிச்சப் பணம் இருக்கிறது, ஒரு வாரத்துக்குள் பெயர் கொடுங்கள் என்று ஆவணியிலோ ஐப்பசியிலோ தொலைபேசி வரும். அப்போது அந்தப் பதிவேடு கைகொடுக்கும்.

பிறகு சபையில் பிரேரணையாகக் கொண்டுவந்து, ஒருவர் வழிமொழிந்து, நிறைவேற்றி, கூட்டறிக்கையில் ஏற்றவேண்டும். தவிசாளரோ முதல்வரோ தனியாக எழுதிய கடிதம் அடுத்த தவிசாளரோடு போய்விடும். சபைத் தீர்மானம் நிற்கும். எதிர்க்கட்சி உறுப்பினரையும் கையெழுத்துப் போட வையுங்கள், மேலே எந்தக் கட்சி ஆட்சி செய்தாலும் அந்தப் பட்டியல் செல்லுபடியாகும்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு கோப்பு

முதல் தாள் ஒரு பக்கம்தான். என்ன வேலை, எங்கே, எத்தனை குடும்பம், எவ்வளவு செலவு, யார் செய்யவேண்டும், அவ்வளவு. அதற்குப் பின்னால் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீடு, இடப் படம், திகதி போட்ட புகைப்படம், சபைத் தீர்மானத்தின் பிரதி.

அதோடு காணி. இதைத் தடித்த எழுத்தில் எழுதவேண்டும்போல இருக்கிறது எனக்கு. நம் மாவட்டத்தில் வந்த பணம் திரும்பிப் போவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று காணிப் பத்திரம். கட்டடத்துக்குப் பணம் வந்துவிடும், பார்த்தால் அந்த இடம் அரச காணியா, தனியார் காணியா, வன இலாகா எல்லைக்குள் போகிறதா என்று தெரியாது, விசாரித்து முடிப்பதற்குள் டிசம்பர் 31 வந்துவிடும், வருடம் முடிந்தால் அந்த ஒதுக்கீடும் முடிந்தது. நான் வேலை செய்த இடத்தில் ஒரு வாசிகசாலைக் கட்டடம் இப்படித்தான் போனது. பணம் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், பத்திரம் இல்லை. ஆகவே பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் இருந்து ஒரு கடிதம் கையில் வரும்வரை கட்டடம் எதையும் பட்டியலில் போடாதீர்கள்.

கட்டிய பிறகு யார் பராமரிப்பது, வருடத்துக்கு எவ்வளவு செலவாகும், அதை எந்த வருமானத்தில் இருந்து எடுப்பீர்கள் என்பதையும் இரண்டு வரியில் எழுதுங்கள். திட்டமிடல் பிரிவில் இருப்பவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, கொழும்புக்கும் தமிழில் எழுத நமக்கு உரிமை இருக்கிறது, அந்த உரிமையை விடக்கூடாது. கையெழுத்துப் போடும் பிரதி தமிழிலேயே இருக்கட்டும். ஆனால் கூடவே ஒரு சிங்கள மொழிபெயர்ப்பை இணைத்து அனுப்புங்கள், ஏனென்றால் அங்கே மொழிபெயர்ப்பாளரின் மேசையில் கடிதம் கிடக்கும் வாரங்களை நாம்தான் இழக்கிறோம்.

எந்த மாதம் என்ன

மத்திய அரசின் வரவுசெலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் பாராளுமன்றத்துக்கு வரும், டிசம்பரில் வாக்கெடுப்பு. நவம்பரில் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதத் தொடங்குபவர்கள் ஒரு வருடம் பிந்திவிட்டார்கள். அமைச்சுகளும் மாகாணமும் தங்கள் தேவைகளை வருட நடுப்பகுதியிலேயே தொகுத்துவிடும். ஆகவே தை, மாசியில் மாரி வடிந்த கையோடு இடங்களைப் போய்ப் பாருங்கள், தண்ணீர் நின்ற அடையாளம் சுவரில் இருக்கும்போதே. பங்குனி, சித்திரையில் மதிப்பீடும் காணிக் கடிதமும். வைகாசிக் கூட்டத்தில் தீர்மானம். ஜூன் முடிவதற்குள் கோப்பு திருகோணமலைக்கும் சம்பந்தப்பட்ட அமைச்சுக்கும் கையில் போய்ச் சேரவேண்டும், தபாலில் மட்டும் நம்பியிருக்காமல் ஒருவர் கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை குத்திய பிரதி வாங்கி வருவது நல்லது. சட்டக் கோரிக்கைக்கு இந்த மாதக் கணக்கு இல்லை, அதை எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும்.

கதவுகள்

பிரதேச ஒருங்கிணைப்புக் குழு, அதற்கு மேலே மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு. முன்பு கோட்டைக்குள் இருந்த கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இப்போது திராய்மடுவில் இருக்கிறது, மாவட்டக் கூட்டம் அங்கே. கூட்டத்தில் மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம். மூன்று நிமிடத்தில் வரலாறு சொல்லாதீர்கள். “இன்ன வீதியில் இன்ன இடத்து மதகு, ஒரு அடிக் குழாய், இரண்டு அடி ஆக்கவேண்டும், மதிப்பீடு இதோ” என்று சொல்லித் தாளைக் கொடுங்கள், பொறுப்பான அதிகாரி அந்த மேசையிலேயே இருப்பார், பதில் அங்கேயே வரும், அந்தப் பதில் கூட்டறிக்கையில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

மட்டக்களப்பு மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் ஐந்து ஆசனம். ஐந்து பேருக்கும் ஒரே பட்டியலை ஒரே நாளில் கொடுங்கள். உங்கள் கட்சிக்காரருக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர்களுக்கு அதில் அக்கறை இருக்காது. சட்டக் கோரிக்கையை உறுப்பினர் ஒருவர் அமைச்சுசார் ஆலோசனைக் குழுவில் எழுப்பலாம், துறைசார் மேற்பார்வைக் குழுவுக்கு எழுதலாம். பொது மனுவாகவும் ஓர் உறுப்பினர் மூலம் பாராளுமன்றத்துக்குக் கொடுக்க வழி உண்டு. மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை எல்லாவற்றுக்கும் பொதுவான விசயம் என்றால் இலங்கை உள்ளூராட்சி அதிகார சபைகளின் சம்மேளனம் இருக்கிறது, தண்டப்பண வரம்பு மாதிரி விசயத்தில் தெற்கில் உள்ள சபைகளுக்கும் அதே கஷ்டம்தான், அவர்களையும் சேர்த்துக்கொண்டால் குரல் பெரிதாகும்.

பக்கத்துச் சபையோடு சேர்ந்து கேட்பது இன்னும் முக்கியம். குப்பைக்கும் வெள்ளத்துக்கும் வட்டார எல்லை தெரியாது. மட்டக்களப்பு, காத்தான்குடி, ஆரையம்பதி, ஏறாவூர், செங்கலடி ஆகிய சபைகள் ஒரே தீர்மானத்தைத் தத்தம் சபையில் ஒரே மாதத்தில் நிறைவேற்றினால், தமிழ்ச் சபை, முஸ்லிம் சபை என்று யாரும் பிரித்துப் பார்த்துத் தள்ளிவைக்க முடியாத ஒரு கோரிக்கை அது. இதை ஒருவர் தொடங்கவேண்டும், ஒரு தொலைபேசி அழைப்புப் போதும்.

கொடுத்த பிறகு

“தங்கள் கடிதம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது” என்று ஒரு வரிப் பதில் வரும். அது பதில் இல்லை, அதைக் கோப்பில் வைத்துவிட்டு ஆறு வாரம் கழித்துத் திரும்ப எழுதுங்கள். அதற்கும் ஒன்றும் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடலாம். சங்கத்தில் இருக்கும் எந்தப் பிரஜையும் போடலாம், உறுப்பினராக இருக்கத் தேவையில்லை. தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்லவேண்டும். கேள்வியைச் சின்னதாகக் கேளுங்கள். “இன்ன திகதியில் இன்ன இலக்கக் கடிதத்தில் கேட்ட வேலை, அடுத்த வருடத் திட்டப் பட்டியலில் இருக்கிறதா, இல்லையென்றால் காரணம் என்ன, அந்தக் குறிப்பின் பிரதி வேண்டும்.” இதைச் சண்டையாக நினைக்கவேண்டாம், பல தடவை அந்த விண்ணப்பம்தான் அடியில் கிடந்த கோப்பை மேலே எடுத்து வைத்திருக்கிறது.

ஒரு சாதாரணக் கொப்பியில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அனுப்பிய திகதி, யாரிடம் கொடுத்தோம், என்ன சொன்னார், அடுத்து எப்போது கேட்கவேண்டும் என்று எழுதுங்கள். அந்தக் கொப்பி உறுப்பினர் வீட்டில் இருக்கக்கூடாது, அலுவலகத்தில் இருக்கவேண்டும்.

எங்கள் ஒழுங்கையின் மதகு மூன்றாம் வருடம் மாற்றப்பட்டது. அடுத்த மாரியில் போய்ப் பார்த்தேன். தண்ணீர் வடிகானுக்குள்ளேயே ஓடியது, அந்த அம்மாவின் வாசல் ஈரமாக இருந்தது, ஆனால் தண்ணீர் நிற்கவில்லை. வாவிப் பக்கம் எட்டிப் பார்த்தால் ஆற்றுவாழை மறுபடி கால்வாயை மூடத் தொடங்கியிருந்தது. கொப்பியில் புதுப் பக்கம் ஒன்றை எடுத்து அதற்கான கடிதத்தை அந்த வாரமே எழுதினோம்.